பல சுவைகளை ருசி பார்க்க எந்த வேப் கருவி?

மார்ச் 4 — கேள்வி

சிகரெட்டை விட்டுவிட்டு வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கு மாறியவன் நான். கையில் இருப்பது ஒரு சாதாரண டேங்க். அதில் ஒரு திரவத்தை நிரப்பினால் தீரும்வரை அடுத்ததற்குப் போக முடிவதில்லை. பொறுமையில்லாமல் பாதியில் மாற்றினால் பழைய சுவை புதியதன் மேல் ஏறிக்கொள்கிறது. பலவகைச் சுவைகளைச் சிறு புட்டிகளாக வாங்கி அடுக்கியிருக்கிறேன். இவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் ருசி பார்க்க எந்தக் கருவியை வாங்குவது? எல்லோரும் டிரிப்பர் என்கிறார்கள். திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலை நாமே சுற்றிப் பஞ்சு வைக்க வேண்டும் என்பதால்தான் தயக்கம்.

மார்ச் 4, இரவு

டிரிப்பர்தான், அதிலும் ஒற்றைக் காயில் டிரிப்பர். டேங்கில் திரவம் ஒரு தொட்டியில் நின்று, காயிலைச் சுற்றி அடைத்திருக்கும் பஞ்சுக்குள் துளைகள் வழியாக ஊறுகிறது. அந்தப் பஞ்சை வெளியே எடுக்க வழியில்லாததால், தொட்டியைக் கழுவினாலும் பஞ்சில் ஊறியது அங்கேயே நிற்கும். டிரிப்பரில் தொட்டியே கிடையாது. மேல் மூடியைக் கழற்றிப் பஞ்சின் மேல் சில சொட்டுகள் விட்டு, மூடி, இழுத்து, சுவை மங்கும்போது மறுபடி சொட்டு விடுகிறோம். அடுத்த சுவைக்குப் போகும்போது பஞ்சை உருவி எறிந்துவிட்டுப் புதிய துண்டைச் செருகினால் முந்தையதன் சுவடு பெரும்பாலும் போய்விடும்.

காயிலைப் பற்றிய தயக்கம் வேண்டாம். ஒவ்வொரு சுவைக்கும் மாற்ற வேண்டியது பஞ்சை மட்டுமே, காயில் அப்படியே இருக்கும். ஒரு முறை ஒழுங்காகச் சுற்றிப் பொருத்திய காயில் நெடுநாள் உழைக்கும். சுற்றவே வராது என்றால், சுற்றி முடித்த காயில்களாகவே கிடைக்கின்றன. இரண்டு கால்களையும் துளைகளில் விட்டுத் திருகை இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மார்ச் 5

டிரிப்பர் என்ற பெயரில் விற்பதெல்லாம் ருசி பார்க்க உகந்தவை அல்ல என்பதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். கடையில் கண்ணைப் பறிக்கும்படி இருப்பவை பெரும்பாலும் பெரிய புகைமண்டலம் எழுப்பச் செய்யப்பட்டவை: அகலமான அறை, இரண்டு காயில்கள், நாற்புறமும் காற்றுத்துளை. அவற்றில் ஆவி நிறைய வரும். ஆனால் காற்றும் அதே அளவுக்கு உள்ளே வருவதால் சுவை நீர்த்துப்போகிறது, திரவமும் தண்ணீராகச் செலவாகிறது. ஒரு சிறு புட்டியை நாலைந்து நாள் வைத்து அளந்து பார்க்க நினைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது.

நான் பார்ப்பது முதலில் அறையின் உயரமும் அகலமும். மூடியின் உட்கூரை காயிலுக்கு அருகில் தாழ்ந்து, குவிமாடமாக வளைந்திருந்தால் நல்லது. ஆவி விரிந்து குளிர்வதற்கு இடமின்றி நேரே வாய்க்கு வரும். 22 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. அடுத்தது காற்று எங்கே படுகிறது என்பது. காயிலின் பக்கவாட்டிலோ அடியிலோ நேராகப் படும்படி துளை அமைந்திருக்க வேண்டும். காயிலைத் தாண்டிக் காற்று சுற்றிப் போகும் அமைப்பில் ஆவி வாயில் சேர்வதற்குள் மெலிந்துவிடும். மூன்றாவது, அடித்தளத்தின் குழிவு. இது கொஞ்சம் ஆழமாக இருந்தால்தான் சற்றே கூடுதலாகச் சொட்டினாலும் காற்றுத்துளை வழியே கையில் வழியாது. பக்கவாட்டில் துளையுள்ள டிரிப்பரைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனால் திரும்பி வரும்போது மேசைதான் ருசி பார்த்திருக்கும்.

மார்ச் 7

கம்பி எது, பஞ்சு எது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

கம்பியில் மூன்று வகை போதும்: காந்தல் (Kanthal), நிக்ரோம் 80, துருப்பிடிக்காத எஃகு 316எல். காந்தல் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றும் சேர்ந்த கலவை. வாட் முறையில், அதாவது மின்திறனை நிலையாக வைத்து, இயக்க எளிது, விலை மலிவு, வெறுமையாகச் சூடாக்கிச் சுத்தம் செய்யத் தாங்கும். நிக்ரோம் சட்டென்று சூடேறும், ஆனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. வெப்பக்கட்டுப்பாட்டுக்காக விற்கும் டைட்டானியம், தூய நிக்கல் கம்பிகளை மட்டும் பஞ்சில்லாமல் செந்நிறம் வரும்வரை காய்ச்சக் கூடாது. ருசி பார்ப்பவர் பஞ்சு மாற்றும்போது காயிலை அடிக்கடி சூடாக்கிக் கசடு எரிக்க வேண்டியிருக்கும் என்பதால் அவ்விரண்டும் இந்த வேலைக்கு ஒத்துவராது.

கிளாப்டன், ஏலியன் என்று கம்பிமேல் கம்பி சுற்றிய காயில்கள் சுவையை அள்ளித் தரும் என்பது உண்மைதான். ஆயினும் அவற்றின் இடுக்குகளில் திரவம் தங்கிவிடுகிறது. பஞ்சை மாற்றிய பிறகும் பழைய புதினா புதிய வனிலாவுக்குள் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இந்த இடுக்குகளிலிருந்துதான். நான் ருசி பார்க்க வைத்திருப்பது வெறும் ஒற்றை இழைக் காந்தல், 3 மில்லிமீட்டர் உள்விட்டம், மின்தடை ஒரு ஓமுக்குச் சற்றுக் கீழே. சுவை கொஞ்சம் மெலிவாகவே வரும். ஆனால் வருவது அந்தத் திரவத்தினுடையது மட்டுமே.

பஞ்சு வைக்கும் விதம் கம்பியைவிட முக்கியம். வெளுக்காத, அல்லது வேப்பிங்குக்கென்றே விற்கும் பருத்தியை எடுத்து, ஒரு முனையைத் திரித்துக் காயிலுக்குள் நுழைத்து இழுங்கள். இழுக்கும்போது காயில் லேசாக அசைய வேண்டும், கால்கள் வளையக் கூடாது. இறுகிப்போனால் திரவம் நடுப்பகுதிக்கு வந்து சேராமல் கருகும். தளர்ந்திருந்தால் கம்பிக்கும் பஞ்சுக்கும் நடுவே வெற்றிடம் விழுந்து அங்கும் கருகும். இரு முனைகளையும் அடித்தளத்தைத் தொடும் அளவுக்கு வெட்டி, கத்தரி முனையால் சீவி நெகிழ்த்திவிட்டுத் தளத்துக்குள் மடித்துப் படுக்க வையுங்கள். அதன் பிறகே சொட்டு. பஞ்சின் வெள்ளை மறைந்து கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும்வரை பொத்தானைத் தொடாதீர்கள்.

பஞ்சு வைப்பதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. வாட் அளவைக் குறைத்து வைத்து வெறும் காயிலை நிறுத்தி நிறுத்திச் சூடாக்கிப் பாருங்கள். செம்மை நடுவில் தோன்றி இருபுறமும் சீராகப் பரவ வேண்டும். ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு ஒளிர்ந்தால், பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுப் பீங்கான் முனையுள்ள இடுக்கியால் சுற்றுகளின் மேல் மெல்ல வருடி நெருக்குங்கள். அந்த ஒரு சுற்றின் கருகல் வாடையைத் திரவத்தின் குற்றமென்று எழுதி வைப்பவர்கள் உண்டு.

மார்ச் 8

மாட் என்பது டிரிப்பரைப் பொருத்தும், மின்கலம் இருக்கும் அடிப்பகுதி. இயந்திர மாட், அதாவது உள்ளே கட்டுப்பாட்டு மின்சுற்றே இல்லாத வெறுங்குழாய், போதுமா என்று ஒருவர் கேட்கிறார். போதாது, இந்த வேலைக்கு வேண்டவும் வேண்டாம். முழுதாக ஏறிய லித்தியம் அயனி மின்கலம் 4.2 வோல்ட் தரும், வடிய வடிய அது இறங்கிக்கொண்டே போகும். ஒரு ஓம் காயிலில் 4.2 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 17.6 வாட்; அதே காயிலில் 3.6 வோல்ட்டுக்கு 13 வாட். காலையில் ருசி பார்த்த திரவமும் மாலையில் ருசி பார்த்த திரவமும் வெவ்வேறு வெப்பத்தில் வெந்திருக்கும்போது எதை எதோடு ஒப்பிடுவது?

பாதுகாப்பு தனி விஷயம். 0.2 ஓம் காயிலை அத்தகைய குழாயில் மாட்டினால் 21 ஆம்பியர் ஓடும். மாட்களில் போடும் 18650 என்ற உருளை மின்கலங்களில் பல இடைவிடாமல் தாங்கும் அளவு அதைவிடக் குறைவு. குறுக்குச்சுற்று நேர்ந்தால் நிறுத்த உள்ளே யாருமில்லை. வாட் அளவை நிலையாகப் பிடித்து, குறுக்குச்சுற்றைக் கண்டால் தானே நின்றுகொள்ளும் ஒற்றை மின்கல மாட் ஒன்றே தாராளம். கூடவே, உறை கிழிந்த மின்கலத்தைப் பயன்படுத்தாதீர்கள். தனி மின்கலத்தைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போடாதீர்கள்.

மார்ச் 12

வாட் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை என்பது சரியான குறைதான். 3 மில்லிமீட்டர் ஒற்றை இழைக் காயிலுக்கு 14 முதல் 20 வாட்டுக்குள் தொடங்குவேன். ஏன் அதற்கு மேலே தொடங்குவதில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

இ-திரவத்தின் பெரும்பகுதி இரண்டே பொருள்கள். புரொப்பிலீன் கிளைக்கால் ஏறக்குறைய 188 டிகிரி செல்சியசில் கொதிக்கும், காய்கறிக் கிளிசரின் 290 டிகிரியில் கொதிக்கும். இவற்றில் கரைந்திருக்கும் சுவைப்பொருள்களுக்கும் தனித்தனிக் கொதிநிலைகள் உண்டு. பழச்சுவைகளில் வரும் எத்தில் பியூட்டிரேட் 121 டிகிரி அளவிலும், எலுமிச்சைத் தோலின் லிமோனின் 176 டிகிரி அளவிலும், வனிலின் 285 டிகிரி அளவிலும் கொதிப்பவை. கலவையில் ஒவ்வொன்றும் தன் கொதிநிலைக்காகக் காத்திருந்து வரிசையாக வெளிவருவதில்லை என்பது தெரிந்ததே. ஆனாலும் எளிதில் ஆவியாகிறவை முந்துகின்றன, கனமானவை பின்தங்குகின்றன. இதை நாக்கிலேயே பார்க்கலாம். எலுமிச்சையும் வனிலாவும் சேர்ந்த ஒரு திரவத்தை 14 வாட்டில் இழுத்தால் எலுமிச்சை முன்னே நிற்கும், வனிலா இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். அதையே 22 வாட்டுக்கு ஏற்றினால் வனிலா பரந்து உட்கார்ந்துகொண்டு, எலுமிச்சை ஒரு கீற்றாகச் சுருங்கும். இரண்டும் ஒரே புட்டிதான்.

ஆகவே ஒரு திரவத்தை ஒரே வாட்டில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். கீழிருந்து மேலாக, இரண்டிரண்டு வாட்டாக ஏற்றுங்கள். மேலிருந்து இறங்கினால் சூடேறிய அறையும் லேசாகக் கருகிய பஞ்சும் அடுத்த இழுப்பைக் கெடுக்கும்.

இதை எழுதும்போதே மார்ச் 5ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு வரம்பு போடத் தோன்றுகிறது. சுவையை அடர்த்தியாகத் தரும் கருவி என்று அங்கே ஓயாமல் சொல்லியிருக்கிறேன். ருசித்து மகிழ அது சரி. ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது வேறு. இரண்டு திரவங்களுக்கு நடுவே உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் கருவியே அதற்குத் தேவை. எல்லாவற்றையும் இனிப்பாகவும் தடிமனாகவும் காட்டும் கருவியில் சுமாரான திரவமும் நன்றாகத்தான் இருக்கும்.

மார்ச் 13

நிகோடின் பற்றி யாரும் கேட்கவில்லை, எனவே நானே சொல்கிறேன்.

பாட்டில், அதாவது சிறு திரவக்கூட்டைச் செருகி இழுக்கும் சிறிய கருவியில், ஊற்றுவதற்கென்று வரும் நிகோடின் உப்புத் திரவங்கள் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதுவே சட்ட வரம்பு, அதைவிடக் கூடுதலாக விற்கும் நாடுகளும் உண்டு. பாட் கொஞ்சமாக ஆவி தருவதால்தான் அந்தச் செறிவு. அதே திரவத்தைக் காற்றுத்துளை திறந்த டிரிப்பரில் சொட்டி நெஞ்சு நிறைய இழுத்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ருசி பார்க்க உட்கார்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டே இருப்போம் என்பதால் டிரிப்பருக்கு 3 மில்லிகிராம் அல்லது நிகோடினே இல்லாத புட்டியைத்தான் எடுக்க வேண்டும். சுவை நோக்கிலும் இதுவே நல்லது. நிகோடினின் மிளகுக் காரலும் தொண்டைப் பிடிப்பும் மென்மையான பழச்சுவைகளை மறைக்கும்.

புகைப்பழக்கமே இல்லாதவர் சுவைக்காக இதைத் தொட வேண்டாம். நிகோடின் பிடித்துக்கொண்டால் விடாது, ஆவி ஒன்றும் வெறுங்காற்று அல்ல. புட்டிகளையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பழ வாசனையடிக்கும் ஒரு சிறு புட்டி நிகோடின் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

மார்ச் 19

கருவியை எவ்வளவு சீர் செய்தாலும் கடைசியில் அளப்பது மூக்கும் நாக்கும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சிலவே. பழம், மலர், பால் என்று நாம் சொல்வதெல்லாம் தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். எனவே ருசி பார்க்கும்போது ஆவியில் ஒரு பகுதியை மூக்கு வழியாக மெல்ல வெளியே விடுங்கள். வாய்வழியாக மட்டுமே விடுபவருக்கு எல்லாப் பழமும் ஒரே பழம்.

மணத்துக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். இரண்டாவது, மூன்றாவது திரவத்தைத் தாண்டியதும் என் குறிப்பேட்டில் சொற்கள் சுருங்கி, நான்காவதுக்கு நேரே ‘பரவாயில்லை’ என்று மட்டும் எழுதியிருப்பதைக் காண்கிறேன். அது அந்தத் திரவத்தைப் பற்றிய குறிப்பே அல்ல. ஓர் அமர்வில் மூன்றோடு நிறுத்துவது உத்தமம். நடுவே வெறும் தண்ணீர் குடியுங்கள். ஆவி வாயை உலர்த்தும், உலர்ந்த வாயில் சுவை தெரியாது. மென்மையானதை முதலிலும், புதினா, சோம்பு, இலவங்கப்பட்டை மூன்றையும் கடைசியிலும் வையுங்கள். குளிர்ச்சிக்காகச் சேர்க்கும் மென்தால் வகை ஒருமுறை வாய்க்குள் போனால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

மார்ச் 20

‘புட்டியை முகர்ந்தே சொல்லிவிடுவேன், கருவி எதற்கு’ என்று எழுதியிருப்பவருக்கு: முகர்ந்தே பசியாறுகிறவருக்குச் சமையலறையும் தேவையில்லைதான்.

முகர்வது முற்றிலும் வீணென்று சொல்ல மாட்டேன். கெட்டுப்போனதையும், கலந்து இன்னும் பதமாகாமல் சாராய நெடி அடிப்பதையும் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேல் அதை நம்ப முடியாது. அறை வெப்பத்தில் புட்டிக்கு மேலே எழுவது எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே. பாலேடு, வேகவைத்த மாவு, புகையிலை வகைச் சுவைகளின் உடம்பெல்லாம் சூட்டில்தான் வெளிவரும்.

மார்ச் 28

டிரிப்பரில் தேர்ந்தெடுத்த திரவத்தைப் பெரிய புட்டியாக வாங்கி டேங்கில் ஊற்றினால் ஏமாற்றமாக இருக்கிறது என்று முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான், எனக்கும் நடந்திருக்கிறது. டிரிப்பரில் பஞ்சு எப்போதும் புதிது, சில இழுப்புகளுக்குள் திரவம் தீர்ந்துவிடும். டேங்கில் அதே காயில் நாட்கணக்கில் அதே திரவத்தைக் காய்ச்சுகிறது. சுக்ரலோஸ் போட்டு இனிப்பூட்டிய திரவம் டிரிப்பரில் தேனாகத் தெரியும். டேங்கில் அதன் இனிப்பு காயிலில் கரும் பிசினாகப் படிந்து, விரைவிலேயே எரிந்த சர்க்கரை வாடையைக் கிளப்பும். முதல் இழுப்பில் மயக்குவதும் பலநாள் உடன் இருக்கத் தகுந்ததும் வெவ்வேறு திரவங்களாக இருக்கலாம்.

கலவை விகிதமும் குறுக்கே வரும். கிளிசரின் 80 விழுக்காடு உள்ள கெட்டித் திரவம் டிரிப்பரின் திறந்த பஞ்சில் தடையின்றி ஊறும். சிறு துளையுள்ள பாடில் அது ஊறி வருவதற்குள் காயில் கருகிவிடும். புரொப்பிலீன் கிளைக்கால் கூடுதலாக இருந்தால் திரவம் நீர்த்து எளிதில் ஊறும், சுவையையும் நன்றாகத் தாங்கும், தொண்டையைக் கொஞ்சம் பிடிக்கும்.

ஆகவே என் யோசனையை இரண்டு படியாக மாற்றுகிறேன். வேண்டாததைக் கழிக்க டிரிப்பர். தேறியவற்றில் எதை வாங்குவதென்று முடிவு செய்ய, அன்றாடம் எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதே வகைக் கருவி. அன்றாடக் கருவி பாட் என்றால் வழி இன்னும் எளிது. மறுநிரப்பு பாட்கள் உதிரியாகக் கிடைக்கின்றன. தேறிய சுவைக்கு ஒன்றாக ஒதுக்கி, மேலே ஒட்டுத்தாளில் பெயரெழுதி, நிரப்பியதும் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஒரே உடலில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கலாம். புதுப் பாடின் முதல் இழுப்புகளில் பஞ்சு வாடை இருக்கும், அதை வைத்து எதையும் தள்ளிவிடாதீர்கள். சுவை முன்கூட்டியே அடைக்கப்பட்டு, தீர்ந்ததும் தூக்கி எறியும் வகை இந்தப் பேச்சில் சேராது. அதில் நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, மின்கலத்தோடு குப்பைக்குப் போகிறது. பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் அதன் விற்பனைக்கே தடை.

ஏப்ரல் 2

இரண்டு சிறு எச்சரிக்கைகள் விட்டுப்போயின.

இலவங்கப்பட்டை, சோம்பு, புளிப்புச் சிட்ரஸ் வகைகள் சிலவகைத் தெளிவான பிளாஸ்டிக் டேங்குகளில் விரிசல் விழச் செய்யும். ருசி பார்க்கும் வரிசையில் இவை இருந்தால் கண்ணாடி டேங்க், அல்லது உலோக டிரிப்பர். வாய்முனையும் உலோகமோ கண்ணாடியோ ஆனால் மணத்தைப் பிடித்துக்கொள்ளாது. மென்மையான பிசின் வகை பிடித்துக்கொள்ளும். நண்பர்கள் கூடி ருசி பார்க்கும்போது கருவி ஒன்றாக இருந்தாலும் வாய்முனை அவரவருக்குத் தனித்தனி.

வெண்ணெய், பாலேடு வகைச் சுவைகளை வாங்குமுன் டையசெட்டைல் இல்லை என்று தயாரிப்பாளர் சோதனை அறிக்கை வெளியிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். உண்பதற்குப் பாதிப்பில்லை என ஏற்கப்பட்ட பொருள் மூச்சில் போகும்போது வேறு கதை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து மக்காச்சோளப் பொரி ஆலை ஒன்றில் வேலை செய்தவர்களிடம் 2000ஆம் ஆண்டில் தெரியவந்த கடும் நுரையீரல் நோயை ஆராய்ந்தபோதுதான், வெண்ணெய்ச் சுவையூட்டியில் இருந்த இந்தப் பொருளின் மேல் கவனம் திரும்பியது. உண்ண ஏற்றது மூச்சுக்கு ஏற்றதாகாது என்ற அதே காரணத்தால் சமையலுக்கென்று விற்கும் எண்ணெய் சார்ந்த சுவையூட்டிகளை எந்தக் காயிலிலும் சொட்டாதீர்கள்.

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவர் 22 மில்லிமீட்டர் ஒற்றைக் காயில் டிரிப்பர் ஒன்றும் ஒற்றை மின்கல மாட் ஒன்றும் வாங்கிவிட்டார். இப்போது ஸ்குவாங்க் மாட் வாங்கலாமா என்கிறார். உடலுக்குள் ஒரு மென்புட்டியை வைத்து, அதை அழுத்தினால் திரவம் அடியிலிருந்து டிரிப்பருக்கு ஏறும் அமைப்பு அது. ஒவ்வொரு முறையும் மூடி கழற்றும் வேலை மிச்சம். தேர்ந்தெடுத்த சுவையை நாள் முழுவதும் இழுக்க மிகவும் ஏற்றது. ருசி பார்க்கவோ ஏற்றதல்ல. மென்புட்டி, குழாய், நடுத்துளை என்று கழுவ வேண்டியவை பெருகுவதால், எந்தத் தொல்லையிலிருந்து ஓடி வந்தாரோ அதற்குள்ளேயே மறுபடி போய்ச் சேர்வார்.

அந்தப் பணத்துக்கு இன்னொரு டிரிப்பர் வாங்குங்கள், அதுவும் முதலாவதைப் போன்ற அதே வகையாக, அதே கம்பியில் அதே விட்டத்தில் சுற்றிய காயிலோடு. இரண்டையும் வெவ்வேறு திரவத்தில் நனைத்து வைத்து, ஒரே மாட்டில் ஒரே வாட்டில் மாற்றி மாற்றிப் பொருத்தினால் நேற்றைய நினைவோடு இன்றையதை ஒப்பிட வேண்டியிருக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சூடாக இருக்கும் டிரிப்பரை மாட்டும்போது சில மாட்கள் தவறான ஓம் அளவைக் குறித்துக்கொள்ளும். ஆறவிட்டு மாட்டுங்கள்.